ராணி ஜோடி கையில, எதிர்ல ஆல்-இன்: காலா, ஃபோல்டா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சீர் செய்யப்பட்டது.)

இன்னைக்கு ஒரே ஒரு முடிவைப் பத்தித்தான் முழு எபிசோடும். ஒரு நிமிஷத்துக்குள்ள எடுக்க வேண்டிய முடிவு. ஆனா அதுக்குள்ள இருக்கிற கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா அரை மணி நேரம் போதாது.

2010 நவம்பர். லாஸ் வேகாஸ், ரியோ ஹோட்டலுக்குள்ள இருக்கிற பென் அண்ட் டெல்லர் தியேட்டர். உலகப் போக்கர் தொடரோட மெயின் ஈவென்ட் கடைசி மேஜை. 7,319 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி ஆரம்பிச்ச போட்டியில மிச்சம் மூணே பேர். கனடாவின் ஜொனாதன் டூஹமெல், அமெரிக்காவின் ஜோசப் சியோங், ஜான் ரேசனர். முதல் பரிசு 89.4 லட்சம் டாலர். ரெண்டாவது 55.5 லட்சம். மூணாவது 41.3 லட்சம்.

சீட்டு போடுறாங்க. சியோங் ஏத்துறார். டூஹமெல் அதுக்கு மேல ஏத்துறார். சியோங் மறுபடி. டூஹமெல் மறுபடி, இந்தத் தடவை கிட்டத்தட்ட 2.3 கோடி சிப்ஸ் உள்ள போயாச்சு. நடுவுல பொதுச் சீட்டு ஒண்ணு கூட இன்னும் திறக்கல. சியோங் கொஞ்சம் யோசிச்சுட்டு "ஆல்-இன்"ங்கிறார்.

டூஹமெல் கையில ராணி ஜோடி. சியோங்கிட்ட டூஹமெலை விட சிப்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. அதாவது கால் பண்ணித் தோத்தா டூஹமெல் அந்த நிமிஷமே எழுந்து வீட்டுக்குப் போகணும், மூணாவது பரிசோட. ஃபோல்டு பண்ணினா இன்னும் நல்ல நிலைமையில உக்காந்து ஆடலாம். ஜெயிச்சா, மேஜையில இருக்கிற மொத்த சிப்ஸ்ல அஞ்சுல நாலு பங்கு அவருடையது.

நீங்க என்ன பண்ணுவீங்க? மனசுக்குள்ள ஒரு பதிலை வச்சுக்கோங்க. கடைசியில ஒத்துப் பார்க்கலாம்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமா தடை பண்ணுது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமான்னு அது பிரிச்சுப் பார்க்கல. அதுக்கு முன்னாடி நம்ம தமிழ்நாட்டுல 2022 சட்டம், 2023 நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புன்னு ஒரு பெரிய கதை இருக்கு. அது தனி எபிசோடு. இன்னைக்கு நாம பேசப்போறது கணக்கு, மனுஷ மனசு, ரெண்டு மட்டும்தான். மொட்டை மாடியில தீக்குச்சி வச்சு ஆடினாலும் இந்தக் கணக்கு மாறாது.

போக்கரே தெரியாதவங்களுக்கு ஒரே மூச்சுல: ஆளுக்கு ரெண்டு சீட்டு, மத்தவங்களுக்குத் தெரியாம. அப்புறம் நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. ஏழுல இருந்து நல்ல அஞ்சு யாருக்கு அமையுதோ அவங்க ஜெயிப்பாங்க. பொதுச் சீட்டு திறக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற பந்தயம்தான் ப்ரீஃப்ளாப். அந்தக் கட்டத்துலயே ஒருத்தர் தன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் தள்ளினா, அது ப்ரீஃப்ளாப் ஆல்-இன். இதுக்கு மேல பந்தயம் இல்ல, மிரட்டல் இல்ல, நடிப்பு இல்ல. உங்களுக்கு ரெண்டே வழி. கால், இல்லன்னா ஃபோல்டு. ரம்மி ஆடினவங்களுக்குச் சட்டுனு புரியும்: பதிமூணு சீட்டைப் பார்த்துட்டு, ஆடலாமா ஸ்கூட் விடலாமான்னு யோசிப்பீங்களே, அதே இடம். 101 பூல் ஆட்டத்துல முதல் ஸ்கூட்டுக்கு 20 பாயின்ட். மோசமான சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா 80 வரைக்கும் ஏறும். இருபதைக் கொடுத்துட்டு எழுந்து வர்றது கோழைத்தனம் இல்லன்னு ரம்மியில எல்லாருக்கும் தெரியும். போக்கர்ல மட்டும் ஏனோ ரோஷம் வந்துடுது.

சரி, முதல் கேள்வி. விலை என்ன?

டூஹமெல் கால் பண்ண இன்னும் சுமார் 6.5 கோடி சிப்ஸ் போடணும். போட்டா மொத்தப் பாட் 17.7 கோடி. அந்த வருஷம் வரைக்கும் அந்தத் தொடர்ல இவ்வளவு பெரிய பாட் வந்ததில்ல. 6.5-ஐ 17.7-ஆல வகுங்க. 37 சதவீதம் கிட்ட வரும். அதாவது நூறு தடவை இதே சூழ்நிலை வந்தா, அதுல 37 தடவை ஜெயிச்சாலே சிப்ஸ் கணக்குல நஷ்டம் இல்ல. பாதிக்குப் பாதி கூட வேண்டாம். ஏன்னா ஏற்கனவே நடுவுல பணம் கிடக்கு.

"ஆமா, அதுல என்னோடது 2.3 கோடி இருக்கே, அதை எப்படி விடுறது?" இந்தக் குரல் எல்லாருக்குள்ளயும் கேக்கும். இங்கதான் மனசு நம்மள ஏமாத்துது. உள்ள போட்ட சிப்ஸ் உங்களுடையது இல்ல. அது பாட்டுடையது. அது பாட்டைப் பெருசாக்குறதால உங்க கால் மலிவாகுது, அவ்வளவுதான். அதை "காப்பாத்த" கால் பண்றதுங்கிறது, மூணு மணி நேரம் மொக்கைப் படம் பார்த்துட்டு, டிக்கெட் காசு வீணாகக் கூடாதுன்னு கேன்டீன்ல பாப்கார்ன் வாங்குற மாதிரி. (சிரிப்பு)

ரெண்டாவது கேள்விதான் பெருசு. என் சீட்டு எத்தனை சதவீதம் ஜெயிக்கும்?

இதுக்கு "ராணி ஜோடி நல்ல சீட்டு"ங்கிறது பதிலே இல்ல. யாருக்கு எதிரா நல்ல சீட்டு? கண்ணை மூடி எடுத்த ஏதோ ரெண்டு சீட்டுக்கு எதிரா ராணி ஜோடி 80 சதவீதம் ஜெயிக்கும். ஆனா மூணாவது தடவையா ஏத்தி, கையில இருக்கிற எல்லாத்தையும் தள்ளுற ஆள் கண்ணை மூடிச் சீட்டு எடுக்கல. அதனால அவர்கிட்ட "என்ன சீட்டு இருக்கு"ன்னு ஒரே ஒரு பதிலைத் தேடக் கூடாது. "என்னென்ன சீட்டு இருந்தா இப்படிப் பண்ணுவார்"ன்னு ஒரு பட்டியல் போடணும். இதைத்தான் ரேஞ்ச்னு சொல்றாங்க. எனக்குப் பிடிச்ச தமிழ் வார்த்தை இதுக்கு இன்னும் கிடைக்கல, அதனால ரேஞ்சுன்னே வச்சுக்கலாம்.

பதினொன்னாம் வகுப்புல காம்பினேஷன் படிச்சோமே, அது இங்க வேலைக்கு ஆகும். நாலு ஏஸ்ல ரெண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி. ராஜா ஜோடியும் 6 வழி. ஆனா ஏஸ்-ராஜா? நாலு ஏஸ், நாலு ராஜா, நாலு நாலு பதினாறு வழி. பல பேர் கோட்டை விடுறது இங்கதான். பயத்துல ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும்தான் கண்ணுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தா, அந்த ரெண்டும் சேர்ந்து 12. ஏஸ்-ராஜா மட்டும் தனியா 16.

இப்ப சியோங் ரொம்பக் கறாரான ஆளுன்னு வைங்க. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா, இந்த மூணு இருந்தா மட்டும்தான் தள்ளுவார். மொத்தம் 28 வழி. முதல் ரெண்டுக்கு எதிரா ராணி ஜோடி ஜெயிக்கிறது 18 சதவீதம் சுமாருக்கு. ஏஸ்-ராஜாவுக்கு எதிரா 56 கிட்ட. பன்னெண்டு பங்கு 18, பதினாறு பங்கு 56, சராசரி எடுத்தா 40 சதவீதம்.

தேவை 37. இருக்கிறது 40. அப்போ கால்தானே? உலகத்திலேயே கறாரான ஆளுக்கு எதிராவே கால் லாபம்னா, இதுல யோசிக்க என்ன இருக்கு?

இருக்கு. ஏன்னா டூஹமெல் விளையாடினது சிப்ஸுக்காக இல்ல. டாலருக்காக. டோர்னமென்ட்ல இந்த ரெண்டும் ஒண்ணு இல்ல. உங்ககிட்ட இருக்கிற சிப்ஸ் ரெண்டு மடங்கானா உங்க பரிசுப் பணம் ரெண்டு மடங்காகாது. ஆனா சிப்ஸ் பூஜ்யமானா கதை அங்கேயே முடிஞ்சது. இழக்கிற ஒரு சிப், ஜெயிக்கிற ஒரு சிப்பை விட விலை ஜாஸ்தி. இதைக் கணக்காக்குற முறைக்கு ஐசிஎம்னு பேரு. அடிப்படை ரொம்ப எளிமை: உங்ககிட்ட மொத்த சிப்ஸ்ல எத்தனை பங்கு இருக்கோ, அதுதான் நீங்க முதல் இடம் வர்ற வாய்ப்பு. அதே மாதிரி மிச்ச இடங்களுக்கும் பிரிச்சுப் போட்டு, பரிசுத் தொகையால பெருக்குறது.

நான் உக்காந்து போட்டுப் பார்த்தேன், எண்களைச் சுமாரா முழுசாக்கி. மொத்த சிப்ஸ் கிட்டத்தட்ட 22 கோடி. டூஹமெல் ஃபோல்டு பண்ணினா அவர்கிட்ட 6.5 கோடி, சியோங்கிட்ட 11.8, ரேசனர்கிட்ட 4 கோடிக்குக் கொஞ்சம் கம்மி. அந்த நிலைமையில டூஹமெலோட இடத்துக்கு மதிப்பு சுமார் 61 லட்சம் டாலர். கால் பண்ணி ஜெயிச்சா 83 லட்சம். கால் பண்ணித் தோத்தா 41 லட்சம், கையில காசு, வெளியே கதவு.

அப்போ ஃபோல்டை விடக் கால் நல்லதா இருக்க எத்தனை சதவீதம் ஜெயிக்கணும்? இழக்கக்கூடியது 20 லட்சம். கூடுதலா கிடைக்கிறது 22 லட்சம். 20-ஐ 42-ஆல வகுத்தா 48 சதவீதம் கிட்ட வருது.

சிப்ஸ் கணக்கு 37 கேட்டுச்சு. டாலர் கணக்கு 48 கேக்குது. கையில இருக்கிறது 40. அதே சீட்டு, அதே மேஜை, அதே எதிராளி. ஒரு கணக்குல கால், இன்னொரு கணக்குல ஃபோல்டு. இந்தப் பதினோரு சதவீதத்துக்குள்ளதான் பல லட்சம் டாலர் ஒளிஞ்சிருக்கு.

இப்ப மூணாவது கேள்வி. சியோங் உண்மையிலேயே அவ்வளவு கறாரான ஆளா?

இல்ல. அன்னைக்கு அந்த மேஜையைப் பார்த்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அடிச்சு ஆடுறவர், டூஹமெலும் அதே ரகம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத நிலைமையில, "நீ சும்மா ஏத்துற", "நீயும்தான்"னு ஏறிக்கிட்டே போன பந்தயம் இது. இன்னொரு பக்கம், சியோங்குக்கும் இதே 48 சதவீதக் கணக்கு தெரியும். டூஹமெலுக்குக் கால் பண்றது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சதாலயே தள்ளுறதுக்கு அவருக்கு ஆசை வரும். எதிராளிக்குப் பயம் இருக்கிற இடத்துலதான் மிரட்டல் வேலை செய்யும்.

அப்படி மிரட்டுற ஆள் எந்தச் சீட்டோட மிரட்டுவார்? கையில ஒரு ஏஸ் இருந்தா வசதி. காரணம் மறுபடி எண்ணிக்கைதான். என்கிட்ட ஒரு ஏஸ் இருந்தா, மிச்சம் மூணு ஏஸ். எதிராளிகிட்ட ஏஸ் ஜோடி இருக்க 6 வழி இருந்தது இப்ப 3 ஆயிடுச்சு. ஏஸ்-ராஜா 16-ல இருந்து 12. அவர் கால் பண்ணக்கூடிய பெரிய சீட்டுகளை என் ஒரே சீட்டு குறைச்சிடுது. இதுக்குப் ப்ளாக்கர்னு பேரு.

சரி, சியோங்கோட பட்டியல்ல அந்த 28 வழியோட, ஏஸும் 7-உம் வேற வேற இனமா வர்ற 12 வழியை மட்டும் சேர்ப்போம். வேற ஒண்ணுமே சேர்க்கல. அதுக்கு எதிரா ராணி ஜோடி 71 சதவீதம் ஜெயிக்கும். மொத்தம் 40 வழி, சராசரி 49 சதவீதம். 48-ஐத் தாண்டியாச்சு! ஒரே ஒரு வகை மிரட்டல் சீட்டைச் சேர்த்ததும் முடிவே தலைகீழா மாறுது. பத்து ஜோடியும் ஜாக்கி ஜோடியும் சேர்த்தாலும் இதே மாதிரி தாண்டிடும்.

அதனால டூஹமெலோட முடிவு, கடைசியில, ராணி ஜோடியைப் பத்தினதே இல்ல. "இந்த ஆள், இந்த ராத்திரி, என்கிட்ட, சும்மா தள்ளுவானா?" அந்த ஒரு கேள்வி.

டூஹமெல் கால் பண்ணினார். சியோங் திருப்பிப் போட்டது ஏஸ்-7. நடுவுல ஏஸ் வரல. கொஞ்ச நேரத்துல சியோங் மூணாவதா வெளியேறினார். ரெண்டு நாள் கழிச்சு டூஹமெல் ரேசனரை ஜெயிச்சு, மெயின் ஈவென்ட் ஜெயிச்ச முதல் கனடாக்காரர் ஆனார்.

இதைச் சொன்னதும் "பாத்தியா, சியோங் சொதப்பிட்டான்"னு சொல்றவங்க நிறைய. மூணாவது இடத்துல ரேசனர் சிப்ஸ் கம்மியா உக்காந்திருக்கும்போது இவ்வளவு பெரிய மிரட்டல் தேவையான்னு கேட்டா, தேவையில்லன்னுதான் நானும் சொல்வேன். சிப்ஸ் கம்மியா இருக்கிறவர் முதல்ல போகட்டும்னு காத்திருந்தா குறைஞ்சது 14 லட்சம் டாலர் வித்தியாசம். ஆனா அதுக்குக் காரணமா ரிசல்ட்டைக் காட்டாதீங்க. ஏஸ்-7-க்கு அங்க 29 சதவீதம் வாய்ப்பு இருந்தது. நடுவுல ஒரு ஏஸ் விழுந்திருந்தா இதே ஆளுங்க "என்ன தைரியம்பா"ன்னு சொல்லியிருப்பாங்க.

ரிசல்ட் எவ்வளவு பொய் சொல்லும்ங்கிறதுக்கு 2014-ல ஒரு கை நடந்தது. நுழைவுக் கட்டணம் 10 லட்சம் டாலர். ஆமா, நுழைவுக் கட்டணம். கானர் டிரினன், கேரி காட்ஸ், ரெண்டு பேரும் ப்ரீஃப்ளாப்ல எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டுத் திருப்பினா ரெண்டு பேர்கிட்டயும் ஏஸ் ஜோடி. நூத்துக்கு 95 தடவைக்கு மேல பாட்டைப் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டு ஆட்டம் தொடரும். ஒவ்வொருத்தரும் தனியா ஜெயிக்க வாய்ப்பு 2 சதவீதம் சொச்சம். அன்னைக்கு ஆட்டின் வரிசையா வந்து, காட்ஸுக்கு ஃப்ளஷ் விழுந்தது. டிரினன் போட்டியை விட்டு வெளியே. அவர் பண்ணினதுல ஒரு மாத்திரை தப்பு இல்ல.

சரி, லாஸ் வேகாஸை விட்டு இறங்கி வருவோம். ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார், இந்த எபிசோடுக்கே அதுதான் காரணம். அவர் கேள்வி: டோர்னமென்ட் இல்ல, சாதாரண கேஷ் ஆட்டம். எல்லார்கிட்டயும் 100 ப்ளைண்ட். என்கிட்ட ராணி ஜோடி, 3 ப்ளைண்ட் ஏத்தினேன். பட்டன்ல இருந்தவன் நேரா 100-ஐத் தள்ளிட்டான். மத்தவங்க ஃபோல்டு. என்ன பண்ணியிருக்கணும்?

இங்க ஐசிஎம் தலைவலி கிடையாது, சிப்பும் காசும் ஒண்ணு. விலையைப் பார்ப்போம். நடுவுல அவனோட 100, உங்க 3, சின்ன ப்ளைண்டும் பெரிய ப்ளைண்டும் சேர்ந்து ஒண்ணரை. நீங்க போட வேண்டியது 97. மொத்தம் 201.5. தேவை 48 சதவீதம். கவனிச்சீங்களா, டூஹமெலுக்கு 37 கேட்ட சிப்ஸ் கணக்கு உங்களுக்கு 48 கேக்குது. காரணம், அவர் ஏற்கனவே நிறைய உள்ள போட்டிருந்தார், நீங்க வெறும் மூணு. சின்னப் பாட்டுக்குப் பெரிய ஆல்-இன் வந்தா விலை எப்பவும் பாதிக்குப் பாதியை நெருங்கும்.

அவன் கறார் ஆளா இருந்தா, அதே 28 வழி, 40 சதவீதம். கால் பண்ணினா ஒவ்வொரு தடவையும் சராசரியா 17 ப்ளைண்ட் நஷ்டம். ராணி ஜோடியைத் தூக்கிப் போட மனசு வலிக்கும், ஆனா போட்டுடணும்.

ஆனா நிஜத்துல, மூணு ப்ளைண்ட்டுக்கு எதிரா நூறைத் தள்ளுற ஆள் யாரு? ஏஸ் ஜோடி கிடைச்சவனுக்கு உங்ககிட்ட இருந்து காசு பிடுங்க ஆசை இருக்கும். உங்கள விரட்ட மாட்டான், ஒன்பதோ பத்தோ ஏத்திட்டு, நீங்க உள்ள வரணும்னு காத்திருப்பான். நூறைத் தள்ளுறவன் பெரும்பாலும் "பொதுச் சீட்டைப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கு, இங்கேயே முடிச்சுக்கலாம்"னு சொல்றான். அது ஜாக்கி ஜோடியோட பாஷை, பத்து ஜோடியோட பாஷை, ஏஸ்-ராஜாவோட பாஷை. இது என் அனுபவக் கணிப்பு, சட்டம் இல்ல. பழக்கமில்லாத ஆட்கள்கிட்ட இதை அதிகம் பார்க்கலாம்.

அதனால பட்டியல்ல ஜாக்கி ஜோடி, பத்து ஜோடி, ஏஸ்-ராணியைச் சேர்ப்போம். ஜோடி ரெண்டும் சேர்ந்து 12 வழி. ஏஸ்-ராணி? 16 இல்ல. ரெண்டு ராணி உங்க கையில இருக்கே, அதனால வெறும் 8. இப்ப மொத்தம் 48 வழி, உங்க வாய்ப்பு 55 சதவீதம். ஒவ்வொரு காலுக்கும் சராசரி லாபம் 14 ப்ளைண்ட்.

மைனஸ் 17-க்கும் ப்ளஸ் 14-க்கும் நடுவுல மாறினது எதிராளியைப் பத்தி நீங்க வச்சிருக்கிற கருத்து மட்டும்தான். அதனால நேயரே, அந்த ஆள் அன்னைக்கு ராத்திரி அதுக்கு முன்னாடி என்ன பண்ணினான்னு நீங்க எழுதல, அதுதான் எனக்கு வேணும். ரெண்டு மணி நேரமா வாயைத் திறக்காம ஃபோல்டு பண்ணிக்கிட்டு இருந்தவனா? இல்ல, போன கையில பெருசா தோத்துட்டு, விட்டதைப் பிடிக்கப் போறேன்னு முகம் சிவந்து உக்காந்தவனா?

"ராணிக்கு இவ்வளவு யோசிக்கணும்னா ராஜா ஜோடிக்கு?" யோசிக்காதீங்க. அதே கறார் ஆளுக்கு எதிராவே ராஜா ஜோடிக்கு 47 சதவீதம். ரெண்டு ராஜா உங்க கையில இருக்கிறதால அவனோட ஏஸ்-ராஜா 8 வழிதான், ராஜா ஜோடி ஒரே வழி. தேவை 48-ன்னா, மிக மோசமான நிலைமையிலயே கிட்டத்தட்ட சமம். அவன் ராணி ஜோடியோடயும் தள்ளுவான்னா 57-க்குப் போயிடும். ஒன்பது பேர் மேஜையில உங்களுக்கு ராஜா ஜோடி வரும்போது யாராவது ஒருத்தர்கிட்ட ஏஸ் ஜோடி இருக்கிறது சுமார் 25-க்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவை ஞாபகத்துல நிக்கும், மத்த 24 மறந்துடும். அதான் "ராஜா வந்தாலே ஏஸ் வரும்"னு புலம்புறவங்க எல்லா மேஜையிலயும் இருக்காங்க.

சின்ன ஸ்டாக்ல இது அப்படியே மாறும். டோர்னமென்ட் நடுவுல, நீங்க பெரிய ப்ளைண்ட், எல்லாரும் ஃபோல்டு, சின்ன ப்ளைண்ட்ல இருக்கிறவன் 10 ப்ளைண்ட்டைத் தள்ளுறான். நீங்க போட வேண்டியது 9, மொத்தம் 20, தேவை 45. அவன் சீட்டைப் பார்க்காமலே தள்ளுற ரகம்னா, ராணி-7 மாதிரி சாதாரணச் சீட்டுக்கே 52 சதவீதம் இருக்கு. ராஜா-2-க்கு 53. கண்ணுக்கு அசிங்கமா இருக்கும், ஆனா கால். நூறு ப்ளைண்ட்ல ராணி ஜோடிக்குத் தயங்கின அதே ஆள் இங்க ராஜா-2 வச்சுக் கால் பண்ணலாம், ரெண்டும் சரியா இருக்கலாம்.

இன்னொண்ணு, கேஷ் ஆட்டத்துக்கு. 55 சதவீதம் லாபமான கால்னு சொன்னேன். அந்த நூறு ப்ளைண்ட் உங்க மாசச் சம்பளமா இருந்தா? 1956-ல பெல் ஆய்வுக்கூடத்துல இருந்த ஜான் கெல்லி ஒரு சூத்திரம் எழுதினார். ஒண்ணுக்கு ஒண்ணு பந்தயத்துல 55 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு இருந்தா, கையில இருக்கிற மொத்தப் பணத்துல 10 சதவீதம் வைக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்னு அந்தச் சூத்திரம் சொல்லுது. மொத்தத்தையும் வச்சா, லாபமான பந்தயத்துலயே நீங்க ஓட்டாண்டி ஆகலாம். அதனால "கால் சரியா"ங்கிற கேள்விக்கு முன்னாடி "இந்த மேஜையில நான் ஏன் உக்காந்திருக்கேன்"னு ஒண்ணு இருக்கு. அது சீட்டு வந்தப்புறம் கேக்கிற கேள்வி இல்ல.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஏஸ் ஜோடியை ப்ரீஃப்ளாப்ல ஃபோல்டு பண்ணலாமா?

சாட்டிலைட்னு ஒரு வகைப் போட்டி இருக்கு. பரிசு பணம் இல்ல, பெரிய போட்டிக்கான டிக்கெட். எல்லா டிக்கெட்டும் ஒரே மதிப்பு, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும். இப்ப நாலு பேர், மூணு டிக்கெட், எல்லார்கிட்டயும் சமமான சிப்ஸ்னு வைங்க. ப்ளைண்ட்டை மறந்துடுங்க. ஃபோல்டு பண்ணினா உங்களுக்கு டிக்கெட் கிடைக்கிற வாய்ப்பு நாலுல மூணு, 75 சதவீதம். ஒருத்தன் தள்ளுறான். கால் பண்ணி ஜெயிச்சா டிக்கெட் கையில. தோத்தா ஒண்ணும் இல்ல. அப்போ கால் பண்ண உங்களுக்கு 75 சதவீதம் வேணும். அவன் சீட்டைப் பார்க்காமத் தள்ளினான்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும், ஒரே இன ஏஸ்-ராஜாவுக்கு 67 தான். ஃபோல்டு. பத்து ஜோடி சரியா எல்லையில நிக்கும். ஜாக்கி ஜோடியில இருந்துதான் கால்.

இப்ப அதே கணக்கை 11 பேர், 10 டிக்கெட்னு மாத்துங்க. ஃபோல்டு பண்ணினா உங்களுக்குப் பதினொண்ணுல பத்து, கிட்டத்தட்ட 91 சதவீதம். ஏஸ் ஜோடி, கண்ணை மூடி எடுத்த சீட்டுக்கு எதிரா எத்தனை சதவீதம்? 85.

போக்கர்லயே பெரிய சீட்டு. 221 தடவைக்கு ஒரு தடவை வர்ற சீட்டு. எதிர்ல இருக்கிறவன் சீட்டைக் கூடப் பார்க்கல. சிரிச்சுக்கிட்டே ஃபோல்டு பண்ணணும். (சிரிப்பு) எங்க குரூப்ல இதைச் சொன்னப்போ ஒருத்தன் எழுந்து போயிட்டான், இன்னும் ஒத்துக்கல.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அதே 11 பேர், 10 டிக்கெட். ஆனா ஒருத்தன்கிட்ட அரை ப்ளைண்ட் மட்டும் மிச்சம், அடுத்த கையில அவன் பெரிய ப்ளைண்ட். உங்களுக்கு ஏஸ் ஜோடி, உங்க ஸ்டாக்கைப் போல மூணு மடங்கு வச்சிருக்கிறவன் தள்ளுறான். ஃபோல்டு பண்ணினா உங்க வாய்ப்பு 91-ஐ விட எவ்வளவு மேல போகும்னு போட்டு, பதிலை மெயில்ல அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன். ஆரம்பத்துல மனசுக்குள்ள வச்ச பதில் காலா ஃபோல்டான்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க. வரட்டா, பை.